பழைய ஜெட் ஸ்கி: பட்டனை அமுக்கினா 'டக்'னு ஒரு சத்தம், அதோட சரி. செல்ஃப் போச்சா?

சூரமங்கலம் ஷெட்
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு டூவீலர் ஒர்க்ஷாப். படகு, போட்டு எதுவும் இதுவரைக்கும் தொட்டதில்ல. நம்ம கஸ்டமர் ஒருத்தர் மேற்குக் கரைப் பக்கம் ஒரு பீச்ல சவாரி விட்டுட்டு இருந்தவர்கிட்ட பழைய யமஹா விஎக்ஸ்110 ஜெட் ஸ்கி (தண்ணி மேல ஓட்டுற ஸ்கூட்டர்) ஒண்ணை வாங்கி, லாரியில ஏத்தி நேரா என் ஷெட்டு வாசல்ல இறக்கிட்டாரு. "ஆர்1 பைக் இன்ஜின்தானே உள்ள இருக்கு, நீ பார்க்க மாட்டியா"ன்னு ஒரே பேச்சு. 1052 சிசி, நாலு சிலிண்டர், ஃபியூயல் இன்ஜெக்ஷன்.

பிரச்சனை இதுதான். ஓட்டுறவர் விழுந்தா இன்ஜினை நிறுத்துற கயிறு க்ளிப் மாட்டியிருக்கு. டிஸ்ப்ளே எரியுது. பச்சை பட்டனை அமுக்கினா உள்ள 'டக்'னு ஒரே ஒரு சத்தம். இன்ஜின் அசையவே இல்ல. பேட்டரி புதுசு, நானே வாங்கிப் போட்டது. கஸ்டமர் ஏற்கனவே யாரையோ கேட்டு 'செல்ஃப் மோட்டார் எரிஞ்சிடுச்சு, மாத்தணும்'னு முடிவோட வந்திருக்காரு. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இங்க ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு.

குகை லேத்து
பொலேரோவைப் பக்கத்துல நிறுத்தி ஜம்ப்பர் கேபிள் போடுங்க. எடுக்கலைன்னா ரிலே (பேட்டரி கரண்ட்டை செல்ஃபுக்கு விடுற சுவிட்ச்) ரெண்டு போல்ட்டுக்கும் நடுவுல ஸ்க்ரூ டிரைவரை வச்சு ஷார்ட் பண்ணுங்க. சுத்துச்சுன்னா ரிலே அவுட், சுத்தலைன்னா செல்ஃப் அவுட். டிராக்டருக்கு முப்பது வருஷமா இதான் செய்யறோம்.

மண்டபம் மரைன்
லேத்து அண்ணே, டிராக்டர்ல செய்யுங்க, இதுல வேண்டாம். ஜெட் ஸ்கி இன்ஜின் இருக்கிறது மூடின பெட்டிக்குள்ள. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், அடியில போய் உக்காந்துக்கும். அங்க ஸ்க்ரூ டிரைவர்ல ஒரு பொறி தெறிச்சா சீட்டோட மேல போயிடலாம். சீட்டைக் கழட்டி நல்லா காத்தோட்டமா விட்டுட்டுதான் எந்த ஒயர்லயும் கை வைக்கணும்.

ஓடுற காரோட ஜம்ப்பர் மாட்டுறதும் வேண்டாம் தம்பி. காரோட ஆல்ட்டர்னேட்டர் தள்ளுற கரண்ட்டுல இந்தச் சின்ன வண்டியோட எலக்ட்ரானிக்ஸ் போன கதை நிறைய பார்த்தாச்சு. வேற வழியே இல்லாம போட்டாலும் கார் இன்ஜின் ஆஃப்ல இருக்கணும்.

அதை விட முக்கியம் ஒண்ணு. பிளக் கழட்டிப் பார்க்காம இந்த இன்ஜினை வலுக்கட்டாயமா சுத்த வைக்காதீங்க. காரணம் அப்புறம் சொல்றேன். முதல்ல ஒரு கேள்வி. பட்டனை அமுக்கும்போது டிஸ்ப்ளே மங்குதா, அப்படியே பளிச்னு இருக்கா? மல்டிமீட்டரை பேட்டரி ரெண்டு முனையிலயும் நேரா வச்சு, அமுக்கறதுக்கு முன்ன எவ்வளவு, அமுக்கும்போது எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க. அஞ்சு செகண்டுக்கு மேல அமுக்கிப் பிடிக்க வேண்டாம்.

இ20 எதிர்ப்பாளன்
எல்லாத்துக்கும் காரணம் எத்தனால் பெட்ரோல். டேங்க்ல தண்ணி பிரிஞ்சு அடியில நிக்கும். டேங்கைக் காலி பண்ணுங்க முதல்ல.

குகை லேத்து
யோவ், இன்ஜினே சுத்தல. டேங்க்ல பெட்ரோலுக்கு பதிலா நன்னாரி சர்பத் ஊத்தியிருந்தாலும் 'டக்' இதே 'டக்'தான்.

சூரமங்கலம் ஷெட்
மண்டபம் அண்ணா, பார்த்துட்டேன். சும்மா இருக்கும்போது 12.6. அமுக்கும்போது 12.5. டிஸ்ப்ளே துளிகூட மங்கல. சத்தம் மட்டும் வருது.

மண்டபம் மரைன்
அப்போ செல்ஃப் மோட்டார் மேல பழி போடாதீங்க. கரண்ட் அது வரைக்கும் போகவே இல்ல.

எப்படின்னா, செல்ஃப் மோட்டார் சுத்தினாலும் சரி, சுத்த முடியாம மாட்டிக்கிட்டாலும் சரி, பேட்டரில இருந்து பெரிய கரண்ட் இழுக்கும். நல்ல பேட்டரியே பத்து வோல்ட் பக்கம் இறங்கும், டிஸ்ப்ளே மங்கும், மாட்டிக்கிட்டிருந்தா அணைஞ்சே கூட போகும். உங்களுக்கு பத்துல ஒரு வோல்ட்தான் இறங்கியிருக்கு. ரிலேயோட காயில் இழுக்கிறதும் டிஸ்ப்ளே தின்னுறதும் அவ்வளவுதான். ரிலே 'டக்'னு துடிக்குது, ஆனா உள்ள இருக்கிற தாமிரத் தகடு ஒட்டி கரண்ட்டை அந்தப் பக்கம் விடல. இல்லைன்னா ரிலேல இருந்து செல்ஃபுக்குப் போற தடிச்ச கேபிள் போச்சு, இல்லைன்னா இன்ஜின் எர்த் போச்சு. இந்த மூணுல ஒண்ணு.

மீட்டரோட கறுப்பை பேட்டரி மைனஸ்ல வைங்க. சிவப்பை ரிலேக்கு உள்ள வர்ற போல்ட்ல வச்சு அமுக்குங்க, அப்புறம் வெளிய போற போல்ட்ல வச்சு அமுக்குங்க. எர்த் பார்க்க, ஒரு முனை பேட்டரி மைனஸ், இன்னொண்ணு இன்ஜின் பிளாக்ல பெயிண்ட் இல்லாத இடம். ஆனா எர்த் சோதனைக்கு இன்ஜின் சுத்தும்போது எடுத்த அளவுதான் கணக்கு. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த ஒயர்ல துரு. அதை அப்புறம் பார்க்கலாம், இப்ப ரிலே.

எஸ்டேட்வாசி
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் ஏற்காட்டில் இருக்கிறேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது, பழைய இரண்டு ஸ்ட்ரோக், 701 சிசி, இரட்டை சிலிண்டர், கார்புரேட்டர். என் பிரச்சனை வேறு. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவே மாட்டேன் என்கிறது. பிளக் இரண்டும் கறுத்து நனைந்திருக்கின்றன. காலையில் மூடுபனி நேரத்தில் சுத்தமாக முடியாது. மதியம் வெயில் ஏறினால் எப்போதாவது இருமிவிட்டு நிற்கும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) பார்த்த மெக்கானிக் இரண்டிலும் 125 பிஎஸ்ஐ என்றார். 'ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜின் பிரிக்க வேண்டும்' என்று தொகை சொல்லியிருக்கிறார். தனி இழை போடலாம் என்றிருந்தேன், மண்டபம் ஐயா இங்கே இருப்பதைப் பார்த்து எழுதிவிட்டேன்.

குகை லேத்து
ஏற்காட்டுல எங்க சார் ஓட்டறீங்க?

எஸ்டேட்வாசி
நண்பரின் காபித் தோட்டத்தில் ஒரு குளம் இருக்கிறது.

குகை லேத்து
த்ராட்டில் குடுத்துட்டு 'ஆஹா'ன்னு வாயைத் திறக்கறதுக்குள்ள எதிர்க்கரை வந்துடுமே சார்.

மண்டபம் மரைன்
எஸ்டேட் சார், இன்ஜினைப் பிரிக்கச் சொல்லாதீங்க, பொறுங்க. ஷெட் தம்பியோடது முடியட்டும், உங்களுக்கு விவரமா எழுதுறேன். இப்போதைக்கு ஒரே ஒரு கேள்வி: அந்த 125 அளந்தது ஏற்காட்டுலயா, சேலத்துலயா?

எஸ்டேட்வாசி
இங்கேயே, மேலே.

சூரமங்கலம் ஷெட்
ரிலே பார்த்தாச்சு. உள்ள வர்ற போல்ட்ல 12.5. அமுக்கும்போது வெளிய போற போல்ட்ல பூஜ்யம். ரிலேயைக் கழட்டினேன், போல்ட்டைச் சுத்தி முழுக்க பச்சைக் களிம்பு. உப்புத் தண்ணி வேலை. ரிலே பெட்டி மூடியோட ரப்பர் கிழிஞ்சு இருக்கு.

செல்ஃப் ஆர்டர் போட்டிருந்தா தண்டம் ஆயிருக்கும். புது ரிலே சொல்லியாச்சு. அதுவரைக்கும் வேற ஒரு பைக் ரிலேயை வச்சு சும்மா சுத்திப் பார்க்கட்டுமா?

மண்டபம் மரைன்
கூடாது. பிளக் நாலையும் கழட்டுங்க, இப்பவே. அப்புறம் சொல்றேன்னேன்ல, அது இதுதான்.

ஜெட் ஸ்கியோட சைலன்சர் பைக் சைலன்சர் மாதிரி வறண்ட சமாச்சாரம் இல்ல. இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணியே கடைசியில சைலன்சர்ல கலந்து, வாட்டர் பாக்ஸ் வழியா பின்னாடி வெளிய போகுது. இன்ஜின் ஓடினா புகையோட அழுத்தம் அந்தத் தண்ணியைத் தள்ளிவிடும். ஓடாதப்போ தண்ணி உள்ள வந்தா தள்ள ஆள் இல்ல. வாட்டர் பாக்ஸ் நிறையும், சைலன்சர் நிறையும், திறந்திருக்கிற எக்சாஸ்ட் வால்வு வழியா சிலிண்டருக்குள்ள இறங்கிடும். தண்ணியை அழுத்த முடியாது. அந்த நிலைமையில புது பேட்டரி, நல்ல ரிலே வச்சு முழு வேகத்துல செல்ஃப் அடிச்சா பிஸ்டன் மேல வந்து தண்ணில முட்டும், கனெக்டிங் ராடு வளையும்.

பழைய வண்டி, ஸ்டார்ட் ஆகாத வண்டி, முன்ன யார் என்ன செஞ்சாங்கன்னு தெரியாத வண்டி. இந்த மூணும் சேர்ந்தா முதல் வேலை பிளக் கழட்டுறதுதான். பேட்டரி கூட அதுக்கு அப்புறம்தான்.

பேட்டரி மைனஸைக் கழட்டி வச்சுட்டு, இன்ஜினுக்கும் பம்புக்கும் நடுவுல இருக்கிற கப்ளிங் மூடியை எடுத்துட்டு கையால மெதுவா சுத்துங்க. முகத்தை பிளக் ஓட்டைக்கு நேரா வைக்காதீங்க. இந்த வண்டிக்கு கிளட்சும் கிடையாது, நியூட்ரலும் கிடையாது. இன்ஜினும் இம்பெல்லரும் (பம்புக்குள்ள தண்ணியைத் தள்ளுற விசிறி) ஒரே தண்டு. பிளக் எடுத்தும் சுத்தலைன்னா அடியில குனிஞ்சு கிரில் வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. கல்லு, கயிறு, மீன் வலை நைலான் ஏதாவது இம்பெல்லர்ல சுத்தியிருக்கும்.

சூரமங்கலம் ஷெட்
அண்ணா, கும்பிடறேன்.

கையால அரைச் சுத்து சுத்தினதும் ரெண்டாவது, மூணாவது ஓட்டையில இருந்து தண்ணி வழிஞ்சு வந்துச்சு. தொடர்ந்து சுத்த சுத்த வந்துட்டே இருந்தது. ஒண்ணும் நாலும் காஞ்சு இருந்துச்சு. இம்பெல்லர் பக்கம் சுத்தமா இருக்கு, ஒண்ணும் மாட்டல.

பைக் ரிலே போட்டு அமுக்கியிருந்தா என் கதை கந்தலாயிருக்கும்.

குகை லேத்து
கெட்டுப்போன ரிலே இன்ஜினைக் காப்பாத்தியிருக்கு. அதை மாலை போட்டு ஷெட்ல மாட்டி வைங்க.

சரி, தண்ணி எந்தத் தண்ணி? கடல் தண்ணியா, நல்ல தண்ணியா? கவுத்துப் போட்டு தப்பான பக்கமா திருப்பியிருந்தா உப்புத் தண்ணி இருக்கும்.

சூரமங்கலம் ஷெட்
நல்ல கேள்வி. ஒரு சொட்டை வெள்ளைத் தட்டுல காய வச்சோம். உப்புப் படிவு ஒண்ணும் இல்ல, லேசா துரு நிறம்தான். அப்போ நல்ல தண்ணி. மழைத் தண்ணியா இருக்குமோ? வண்டி மழையில வெளிய கிடந்ததுன்னு கேள்வி.

மண்டபம் மரைன்
மழைத் தண்ணின்னா முதல்ல வண்டியோட வயித்துல தேங்கி, அப்புறம் ஏர் பாக்ஸ் வழியாத்தான் இன்ஜினுக்குள்ள போகணும். ஏர் பாக்ஸைத் திறந்து பாருங்க. அது காஞ்சிருந்தா எக்சாஸ்ட் வழியா வந்த தண்ணி. எக்சாஸ்ட் வழியா நல்ல தண்ணி வந்திருந்தா அதுக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ குழாய் மாட்டியிருக்காங்க.

சூரமங்கலம் ஷெட்
ஏர் பாக்ஸ் ஃபில்டர் காஞ்சு தூசியா இருக்கு. கஸ்டமரைக் கேட்டேன். வாங்கும்போது எடுத்த வீடியோ ஒண்ணு அவர் போன்ல இருக்கு. விக்கிறவரோட பையன் தோட்டத்துக் குழாயை ஃப்ளஷ் கனெக்டர்ல (உள்ள நல்ல தண்ணி விட்டுக் கழுவுற வாய்) மாட்டி, குழாயை முழுசாத் திறந்து விட்டுட்டு, அப்புறம் பட்டனை அமுக்கறான். 'டக்'. திரும்ப அமுக்கறான். 'டக்'. தண்ணி பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு. 'பேட்டரி வீக் சார், வேற ஒண்ணும் இல்ல'ன்னு பேசிட்டே இருக்கான். வீடியோ முடியற வரைக்கும் குழாயை மூடவே இல்ல.

மண்டபம் மரைன்
முடிச்சு அவிழ்ந்திருச்சு. ரிலே செத்ததால இன்ஜின் சுத்தல. சுத்தாத இன்ஜினுக்கு தண்ணியைத் திறந்து விட்டதால சிலிண்டர்ல தண்ணி. ரெண்டு வியாதி இல்ல, ஒண்ணு பெத்த இன்னொண்ணு.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன், ஏன்னா நிறைய பேர் இதைத் தலைகீழாத்தான் செய்றாங்க. குழாய் மாட்டி ஃப்ளஷ் பண்ணும்போது முதல்ல இன்ஜின் ஸ்டார்ட், அப்புறம்தான் தண்ணி. நிறுத்தும்போது முதல்ல தண்ணியை மூடணும், அப்புறம்தான் இன்ஜின் ஆஃப். தண்ணியை மூடினதும் ரெண்டு மூணு தடவை லேசா ரேஸ் குடுத்தா வாட்டர் பாக்ஸ்ல மிச்சம் இருக்கிறது பின்னாடி பீச்சிட்டு வெளிய போயிடும். தண்ணி இல்லாம இன்ஜின் ஓடுற நேரம் பதினஞ்சு செகண்டைத் தாண்டக் கூடாது, உள்ள இருக்கிற ரப்பர் எல்லாம் கருகிடும்.

கட்டி இழுக்கிறதும் இதே கதைதான். நின்னு போன வண்டியை இன்னொரு படகு வேகமா இழுத்தா பம்பு வழியா தண்ணி தானா ஏறும். குளிர்விக்கிற டியூபை கிளாம்ப் போட்டு நசுக்கி வச்சுட்டு, நடக்குற வேகத்துல இழுக்கணும். கவுந்தா எந்தப் பக்கமா திருப்பணும்னு பின்பக்கம் ஸ்டிக்கர்ல அம்பு போட்டிருக்கும், அந்தப் பக்கம்தான் திருப்பணும்.

இப்ப தம்பி, இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து நிறம் சொல்லுங்க.

சூரமங்கலம் ஷெட்
பால் காப்பி நிறம்.

குகை லேத்து
போச்சா!

மண்டபம் மரைன்
போகல. ரிங்கைத் தாண்டி தண்ணி ஆயில்ல இறங்கியிருக்கு, அவ்வளவுதான். ஆனா இனிமே நாள் கடத்தக் கூடாது. தண்ணி கலந்த ஆயில் பேரிங்ல நின்னா துரு பிடிக்கும்.

அடியில டிரெயின் போல்ட் தேடாதீங்க, வண்டியோட வயிறு மூடியிருக்கு. டிப்ஸ்டிக் குழாய் வழியா வேக்கம் பம்பு போட்டுத்தான் உறியணும். இன்ஜினை இன்னும் ஸ்டார்ட் பண்ணல, அதனால ஆயில் கெட்டியா மெதுவாத்தான் வரும். பொறுமையா இழுங்க. ஃபில்டரையும் மாத்துங்க. இந்த முதல் ஆயில் கழுவுறதுக்குத்தான், 10டபிள்யூ-40 ல விலை கம்மியானதா ஊத்துங்க போதும்.

அடுத்து பிளக் ஓட்டை நாலுலயும் டபிள்யூடி-40 நல்லா அடிச்சு, கையால சுத்தி, ஒரு ராத்திரி ஊற விடுங்க. பிளக் ஓட்டைக்குள்ள விடுற சின்ன கேமரா இருந்தா சிலிண்டர் சுவரைப் பாருங்க. லேசான துருத் தடம் பரவாயில்ல. ஆழமா அரிச்சிருந்தா வேற பேச்சு.

புது ரிலே வந்ததும், பிளக் இல்லாமலே செல்ஃப் அடிச்சு மிச்சத் தண்ணியை வெளிய தள்ளுங்க. அதுக்கு முன்னாடி இக்னிஷன் காயில் கனெக்டரையும் இன்ஜெக்டர் கனெக்டரையும் பிடுங்கி வைங்க. பெட்ரோலும் பொறியும் ஒரே நேரத்துல வெளிய வரக் கூடாது. அஞ்சு செகண்டு அடிச்சா கொஞ்சம் ஆற விடுங்க. ஓட்டை மேல பழைய துணியைப் போட்டுக்கோங்க, தண்ணி கூரை வரைக்கும் போகும்.

எல்லாம் காஞ்சதும் கம்ப்ரஷன். எனக்கு எண் முக்கியமில்ல, நாலும் ஒண்ணுக்கொண்ணு கிட்ட கிட்ட இருக்கணும். தண்ணி இருந்த ரெண்டுல எதாவது ஒண்ணு மட்டும் தனியா குறைஞ்சா ராடு வளைஞ்சிருக்கான்னு சந்தேகப்படணும்.

இ20 எதிர்ப்பாளன்
இப்பவாச்சும் பெட்ரோலைப் பத்தி பேசலாமா?

மண்டபம் மரைன்
இப்ப பேசலாம் தம்பி, இப்பதான் அதோட முறை. மாசக்கணக்குல நின்ன எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கும், அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பிரிஞ்சு அடியில தங்கிடும். பம்பு உறியறதும் அடியில இருந்துதான். அதனால ஷெட் தம்பி பழைய பெட்ரோலை மொத்தமா எடுத்துட்டு, கொஞ்சத்தை கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வச்சுப் பாருங்க. ரெண்டு அடுக்கா தெரிஞ்சா டேங்கையும் கழுவணும். நீங்க சொன்னது தப்பில்ல, அவசரப்பட்டுட்டீங்க.

எஸ்டேட்வாசி
என் முறை எப்போது வரும், ஐயா?

மண்டபம் மரைன்
வந்தாச்சு சார்.

உங்க இன்ஜின் ரிங் போயிடுச்சுன்னு அந்த 125-ஐ வச்சுச் சொல்ல முடியாது. அந்த மாதிரி இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் கடல் மட்டத்துல 150 காட்டினா நல்ல ஆரோக்கியம்னு வச்சுக்குவோம். நீங்க இருக்கிறது சுமார் 1500 மீட்டர் உயரத்துல. அங்க காத்தோட அழுத்தம் கடற்கரையை விட ஆறுல ஒரு பங்கு கம்மி. உள்ள போற காத்தே கம்மின்னா அழுத்தினதுக்கு அப்புறமும் கம்மியாத்தான் காட்டும். கணக்குப் போட்டுப் பாருங்க, கீழ 150 காட்டுற அதே இன்ஜின் ஏற்காட்டுல 125 கிட்டத்தான் காட்டும். சேலத்துல அளந்தா 145 பக்கம் வரும். ரெண்டு சிலிண்டரும் ஒரே அளவு காட்டுறது இன்னும் நல்ல சேதி. தேய்மானம் ரெண்டுலயும் அச்சுப் பிசகாம ஒண்ணா வர்றது அபூர்வம்.

த்ராட்டிலை முழுசாத் திறந்து பிடிச்சுக்கிட்டு அளந்தாங்களான்னும் கேளுங்க. மூடி வச்சு அளந்தா எந்த இன்ஜினும் நோயாளிதான்.

எஸ்டேட்வாசி
த்ராட்டில் திறந்ததாக நினைவில்லை. அப்படியானால் பிளக் ஏன் நனைகிறது?

மண்டபம் மரைன்
அதே காரணம். கார்புரேட்டர் கடல் மட்டத்துக்கு செட் பண்ணினது. அது வழக்கமான பெட்ரோலையே விடும், காத்து மட்டும் உங்க ஊர்ல மெலிசு. கலவையில பெட்ரோல் ஜாஸ்தியாகி பிளக் நனையுது. இது போதாதுன்னு குளிருன்னு சொல்லி நீங்க சோக்கை இழுத்து இழுத்து விட்டிருப்பீங்க.

பிளக்கைக் கழட்டி, ஒயரை பாடியோட எர்த் பண்ணி வச்சுட்டு, சோக் இல்லாம த்ராட்டிலை முழுசாத் திறந்து சில செகண்டு சுத்தி காய வைங்க. புது பிளக் போடுங்க. அப்புறம் சோக்கை ஒரே ஒரு இழுப்பு, பத்தலைன்னா சோக்கை உள்ள தள்ளிட்டு த்ராட்டிலை லேசாத் திறந்து பாருங்க.

இன்னொண்ணு, அந்த டயாஃப்ரம் கார்புரேட்டருக்கு உள்ளேயே பெட்ரோல் பம்பும் நகம் அளவுல ஒரு வலை ஃபில்டரும் இருக்கும். நீடில் வால்வு சரியா உக்காரலைன்னா அதுவும் பெட்ரோலைக் கொட்டும். டயாஃப்ரமும் பழைய ரப்பர்தானே, கிட் ஒண்ணு வாங்கி மாத்திடுங்க. டியூபும் கையால அமுக்கிப் பாருங்க. 90கள்ல வந்த பல வண்டிகள்ல இருந்த சாம்பல் நிற டியூப் உள்ளுக்குள்ள கரைஞ்சு பச்சைப் பிசினா வந்து அந்த ஃபில்டரை அடைக்கும். உங்களது அதே நிறம்னா யோசிக்காம மாத்துங்க.

குகை லேத்து
அப்போ ஸ்க்ரூவைத் திருகி பெட்ரோலைக் குறைச்சா முடிஞ்சதுல்ல?

மண்டபம் மரைன்
அங்கதான் ஆபத்து. மேல குறைச்சு வச்ச கலவையோட அந்த வண்டியை என்னைக்காவது இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி, கடலுக்குக் கொண்டு போய் முழு த்ராட்டில் குடுத்தா பெட்ரோல் பத்தாம பிஸ்டன் சீஸ் ஆயிடும். ஆயிலைப் பெட்ரோல்லயே கலக்குற இரண்டு ஸ்ட்ரோக்னா ஆயிலும் சேர்ந்து குறையும். ஸ்க்ரூ எங்க இருந்ததுன்னு எழுதி வைக்காம ஒரு கால் சுத்து கூட தொடக் கூடாது.

சூரமங்கலம் ஷெட்
ஒரு வாரமா எழுத முடியல, மன்னிக்கணும். மொத்தமா சொல்லிடறேன்.

பழைய பெட்ரோல் பாட்டில்ல தெளிவா ரெண்டு அடுக்கா நின்னுச்சு. இ20 எதிர்ப்பாளன், உங்களுக்கு ஒரு தட்டு வடை செட் பாக்கி. டேங்க் கழுவியாச்சு. கேமராவுல ரெண்டாவது சிலிண்டர்ல மட்டும் ஒரு மெல்லிசான துருக் கோடு தெரிஞ்சுது, ஊற வச்சு துடைச்சதுல போயிடுச்சு. கம்ப்ரஷன் நாலும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கு.

புது ரிலே, புது பிளக், எர்த் போல்ட்டைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு திரும்பப் போட்டேன். சுத்தும்போது பேட்டரி 10.6-க்குக் கீழ போகல. ரெண்டாவது அமுக்குல பிடிச்சுக்கிச்சு! ஷெட்டு முழுக்க வெள்ளைப் புகை, பக்கத்துக் கடைக்காரர் வாளியைத் தூக்கிட்டு ஓடி வந்துட்டாரு. ஸ்டார்ட் ஆன பிறகு தம்பி குழாயைத் திறந்தான், பின்னாடி தண்ணி வந்துச்சு. சார்ஜிங் 14.1. நிறுத்தும்போது முதல்ல குழாய், அப்புறம் இன்ஜின்.

இதுல ஒரு வேடிக்கை. கஸ்டமர் இதை மேட்டூர்ல விடணும்னு வாங்கினவரு. எங்க மாநகராட்சிக் குழாய்ல வர்றதே மேட்டூர்த் தண்ணிதான். அவரு போறதுக்கு முன்னாடியே வண்டி காவேரியைப் பார்த்துடுச்சு.

மண்டபம் மரைன்
சந்தோஷம் தம்பி. இப்ப ஓட்டின ஆயிலைச் சூடா இருக்கும்போதே உறிஞ்சு எடுத்துடுங்க. நிறம் தெளியுற வரைக்கும் மாத்துங்க, தெளிஞ்சதும் நல்ல ஆயில், நல்ல ஃபில்டர். முதல் தடவையோட நிறுத்தினா உள்ள மிச்சம் இருக்கும்.

மேட்டூர்ல விடுறது அவர் நினைக்கிற மாதிரி லேசில்ல. அணை நீர்வளத் துறை பொறுப்புல இருக்கு, அனுமதி இல்லாம இறக்கக் கூடாது. 2021 உள்நாட்டுக் கப்பல் சட்டப்படி இயந்திரப் படகுக்குப் பதிவும் வேணும். அதெல்லாம் முடிச்சுட்டு போனாலும் அங்க பரிசல்ல வலை போடுறவங்க நிறைய பேர். வலையை இம்பெல்லர் இழுத்தா அவங்க பொழப்பும் போகும், வண்டியும் நிக்கும்.

சூரமங்கலம் ஷெட்
அனுமதி அவர் பாடு அண்ணா, ஸ்டார்ட் ஆகறது என் பாடு. ஆனா சொல்லிடறேன். ரெண்டாவது ஆயில் இப்ப எடுத்தேன், லேசா மங்கல் இருக்கு. இன்னொரு தடவை மாத்தறேன்.

எஸ்டேட்வாசி
பிளக்கை மாற்றி, சோக் இல்லாமல் காய வைத்து முயன்றேன். மதிய வெயிலில் ஐந்து நிமிடம் போல ஓடியது. காலையில் இன்னும் அடம்தான். டியூப் சாம்பல் நிறம், உள்ளே பச்சையாக ஒட்டுகிறது. மெக்கானிக்கிடம் உயரக் கணக்கைச் சொன்னேன், நம்பவில்லை. அவருடைய அதே கேஜையும் வண்டியையும் அடிவாரத்துக்குக் கொண்டு வந்து அவர் முன்னாலேயே அளக்கலாம் என்றிருக்கிறேன்.

குகை லேத்து
அடிவாரம் வந்தா சொல்லுங்க சார், நானும் வர்றேன். 145 காட்டினா மெக்கானிக் டீ வாங்கித் தரணும், காட்டலைன்னா மண்டபம் அண்ணன் ஜிபே பண்ணட்டும்.

மண்டபம் மரைன்
பண்றேன். இன்ஜினைச் சூடு பண்ணிட்டு, ரெண்டு பிளக்கையும் கழட்டிட்டு, த்ராட்டிலை முழுசாத் திறந்து அளக்கச் சொல்லுங்க. டியூபை மாத்தி கார்புரேட்டரைக் கழுவுற வரைக்கும் ஸ்க்ரூவை யாரும் தொட வேண்டாம்.